கலியாண மண்டபத்தில் யாப்புத் திருத்தம்

1

இன்று ஆரணிக்குக் கலியாணமாகி ஒரு வருடம். எங்கள் கழகத்தின் புதிய யாப்புக்கும், அதாவது விதித்தொகுப்புக்கும், இன்றோடு ஒரு வயது. இரண்டும் நெல்லியடியில் ஒரே மண்டபத்தில், ஒரே முற்பகலில், பந்திக்கு இலை போடுவதற்கு முன்னர் நடந்து முடிந்தவை.

காலையில் வேலைக்குப் போகும் பஸ்ஸிலிருந்து ஆரணிக்கு வாழ்த்து அனுப்பினேன். இங்கே பேர்கன் நகரில் மழை. அது செய்தியல்ல, மழை பெய்யாவிட்டால்தான் இங்கே செய்தி. இரண்டு தரிப்பிடம் தாண்டுவதற்குள் பதில் வந்துவிட்டது.

"நன்றி அன்ரி. வாழ்த்து எனக்கோ, யாப்புக்கோ?"

தனியாகச் சிரித்தேன். நோர்வேக்காரர் பஸ்ஸில் சிரிப்பதில்லை. பக்கத்தில் இருந்தவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று பாயாசம் ஏன் அவ்வளவு பிந்தியது என்று தெரியாதவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ஆளுக்கொரு கதை சொல்லித் திரிவதைவிட, நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுவது நல்லது.

2

கழகம் என்றதும் உதைபந்தாட்டம் நினைவுக்கு வந்தால் மன்னிக்கவும். இது கிணறுகளைப் பற்றி ஆராயும் கழகம். இலங்கையின் வடக்கே, ஆறு இல்லாத குடாநாட்டில் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் கிணற்றை நம்பித்தான். கடற்கரைப் பக்கம் உப்பு ஏறுகிறது, தோட்டப் பக்கம் உரம் இறங்குகிறது. இதை ஆராய்ந்து ஆண்டுக்கொரு ஆய்விதழ் போடவும், ஊர்ச்சனம் போத்தலில் கொண்டுவரும் தண்ணீரைக் காசு வாங்காமல் சோதித்துக் கொடுக்கவும், ஆசிரியர்களும் விரிவுரையாளர்களும் சேர்ந்து தொடங்கியது. எனக்குக் கணிதம் படிப்பித்த கனகலிங்கம் மாஸ்டர்தான் தலைவர். நான் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்த காலத்தில் உறுப்பினரானேன். பிறகு நோர்வேக்கு வந்துவிட்டேன். இப்போது பேர்கன் மாநகரசபையின் ஆய்வுகூடத்தில் தண்ணீர் சோதிக்கிறேன். வேலை என்னவென்றால், சோதித்துப் பார்த்துக் குறை ஒன்றும் இல்லை என்று எழுதுவது. மறுநாளும் அதையே எழுதுவது.

ஊரில் குறைக்குப் பஞ்சமில்லை. தண்ணீரில் இருந்த குறையைவிடக் கழகத்தில் இருந்த குறை பெரிது.

பல வருடங்களுக்கு முன் ஆய்விதழின் அட்டையில் ஒரு சண்டை வந்தது. 'கிணற்று நீர்' என்று பிரித்துப் போடுவதா, 'கிணற்றுநீர்' என்று சேர்த்துப் போடுவதா? பிரிக்க வேண்டும் என்றார் மாஸ்டர். சேர்க்க வேண்டும் என்றார் புவியியல் விரிவுரையாளர் இராசநாயகம் சேர். குரல்கள் உயர்ந்தன. "சொல் சேருமட்டும் நானும் சேரமாட்டன்" என்று சொல்லிவிட்டு இராசநாயகம் சேர் எழும்பிப் போனார். அவருக்குப் பின்னால் உறுப்பினரில் பாதிப்பேர் போனார்கள். அவர்களில் பலருக்கு இலக்கணத்தில் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. தேநீர் வேளை ஆகியிருந்தது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம், யாப்பில் ஒரு விதி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால். பொதுக்கூட்டம் செல்லுபடியாக வேண்டுமென்றால் மொத்த உறுப்பினரில் அரைவாசிப்பேர் நேரில் வந்திருக்க வேண்டும். அதைத்தான் ஊரில் கோரம் என்பார்கள். மொத்த உறுப்பினர் என்றால் கோபித்துக்கொண்டு போனவரும் கணக்கு, கனடா போனவரும் கணக்கு, கடவுளிடம் போனவரும் கணக்கு. இறந்தவரின் பெயரை நீக்குவதற்குப் பொதுக்கூட்டத் தீர்மானம் வேண்டும். பொதுக்கூட்டத்துக்குக் கோரம் வேண்டும். கோரத்துக்கு இறந்தவர் வர வேண்டும்.

இப்படியாக வருடாவருடம் கூட்டம் கூடி, கோரமில்லாமல் கலைந்து, பழைய நிருவாகசபையே தொடர்ந்தது. மாஸ்டரும் தலைவராகவே இருந்தார். பதவி ஆசை என்று வெளியில் கதைத்தார்கள். எனக்குத் தெரிந்த மாஸ்டருக்கு விதியின் மேல்தான் ஆசை. விலகுவதாக அவர் எழுதிய கடிதத்தையும் பொதுக்கூட்டம்தான் ஏற்க வேண்டியிருந்தது.

3

யாப்பைத் திருத்தி எழுத ஒருவர் வேண்டும் என்றபோது எல்லோரும் என் பெயரைச் சொன்னார்கள். "சியாமளா நோர்வேயில இருக்கிறா. அங்கை எல்லாம் சட்டப்படிதானே" என்றார் மாஸ்டர். நோர்வேயில் இருந்தால் சட்டம் காய்ச்சலைப்போலத் தொற்றிவிடும் என்பது அவர் எண்ணம். நானும் உள்ளூர மகிழ்ந்து ஒப்புக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குசினி மேசையில் கணினியை வைத்து ஊரோடு கூட்டம். பதினேழு வயது மகள் மதுரா பாணுக்கு வெண்ணெய் பூசியபடி போவாள், வருவாள். ஒருநாள் நின்று கேட்டாள்.

"அம்மா, ஒவ்வொரு கிழமையும் கோரம் இல்லை, கோரம் இல்லை எண்டு ஏன் கவலைப்படுறீங்கள்? கோரம் எண்டால் பயங்கரம்தானே? தமிழ் ரீச்சர் சொன்னவ. அது இல்லாட்டி நல்லதெல்லோ?"

நான் விளக்கினேன். இறந்தவர்களும் கணக்கு என்ற இடத்தில் அவள் கையிலிருந்த பாண் அப்படியே நின்றது. "அப்ப கோரம்தான்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். அந்த மாதம் அவள் என்னோடு தமிழில் கதைத்த மிக நீளமான கதை அதுதான். மற்ற நாட்களில் நான் தமிழில் கேட்பேன், அவள் நோர்வே மொழியில் பதில் சொல்வாள். கழகத்தின் புண்ணியத்தில் ஒரு சொல்லாவது பிள்ளையோடு ஒட்டியது என்று எண்ணிக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் பதிவு அலுவலகத்திலிருந்து அறிவித்தல் வந்தது. முறைப்படி தெரிவான நிருவாகசபை இல்லாததால் கழகத்தின் பதிவு புதுப்பிக்கப்படாது, புதிய சபை தெரிவாகும்வரை தண்ணீர் சோதிக்க அரசு தந்த அறையைத் திறக்கக்கூடாது, குறித்த தவணைக்குள் தெரிவாகாவிட்டால் அறையைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும். மாஸ்டர் விதிப்படி பூட்டைப் போட்டுவிட்டு, விதிப்படி எனக்கு அறிவித்தார்.

லீவு கேட்டுப் போனபோது மேலதிகாரி காரணம் கேட்டார். ஒரு கலியாணத்துக்கும் ஒரு விதித் திருத்தத்துக்கும் போகிறேன் என்று சொல்ல நினைத்து, என் நோர்வே மொழியில் ஒரு சொல்லை இடம்மாற்றிப் போட்டுவிட்டேன். அவர் எழுந்து கை கொடுத்தார். இலங்கையில் திருமணச் சட்டத்தைத் திருத்தப் போகிறேன் என்று ஆய்வுகூடம் முழுவதும் இப்போதும் நம்புகிறது.

4

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரரின் வரிசையில் நின்று, நெல்லியடிக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் அறையைப் பார்க்கப் போனேன். பூட்டிய கதவின் முன் படியில் போத்தல்கள் நின்றன. சோடாப் போத்தல், தேன் போத்தல், பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகும் போத்தல். ஒவ்வொன்றிலும் பிளாஸ்ரர் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. பருத்தித்துறையிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு பெண், ஏழு மாதக் கர்ப்பிணி, தன் போத்தலை வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எப்ப அக்கா திறப்பினம்? பிறக்கிற பிள்ளைக்குப் பால்மாக் கரைக்க எங்கடை கிணத்துத் தண்ணி சரியோ எண்டு பாக்க வேணும். மூத்தவனுக்கு வயித்தால போய்க் கொண்டிருந்தது."

"கெதியாத் திறப்பினம்" என்றேன். யாப்பில் எந்தப் பிரிவை நம்பிச் சொன்னேனோ தெரியாது.

அங்கிருந்து நேரே இராசநாயகம் சேர் வீட்டுக்குப் போனேன். அவருடைய ஆட்கள் வந்தால் மட்டுமே கோரம் சரிவரும். வீட்டில் கலியாண அமளி. மகள் ஆரணிக்கு இன்னும் ஒரு மாதத்தில் முகூர்த்தம். சேர் கதிரை போட்டு இருத்தினார், தேநீர் தந்தார், கழகம் என்றதும் முகத்தைச் சுருக்கினார்.

"பிள்ளை, நீர் எனக்கு மகள் மாதிரி. கலியாணத்துக்குக் கட்டாயம் நிண்டுதான் போக வேணும். ஆனா அந்த மனிசன்ரை கூட்டத்துக்கு நான் காலடி வையன்."

"மாஸ்டருக்குக் கலியாணத்துக்குச் சொல்லியிட்டீங்களோ சேர்?"

"சொல்லாமல்? வீட்டுக்குப் போய்த் தட்டம் வைச்செல்லோ சொன்னனான். நன்மை தீமை வேறை, கழகம் வேறை."

படலை வரைக்கும் ஆரணி கூட வந்தாள். கடற்பாசி பற்றி ஆராய்ச்சி செய்கிறவள், கழகத்தின் ஆக இளைய உறுப்பினர். தகப்பன் போனபோது அவளும் போகவில்லை, ஏனென்றால் அப்போது அவள் பாலர் வகுப்பில் இருந்தாள்.

"அன்ரி, அப்பா கூட்டத்துக்கு வரமாட்டார்."

"அதுதான் தெரியுதே."

"என்ரை கலியாணத்துக்கு வருவார்தானே?"

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது.

"அப்பாவின்ரை ஆக்களும் வருவினம். மாஸ்டரின்ரை ஆக்களும் வருவினம். உயிரோடை இருக்கிற உறுப்பினர் எல்லாரும் ஒரு கூரைக்குக் கீழை இருக்கப்போறது அண்டைக்கு மட்டுந்தான். கூட்டத்தைத் தலைவர் விரும்பின இடத்தில வைக்கலாம் எண்டுதானே யாப்பில கிடக்கு?"

"உமக்குச் சம்மதமோ? உம்முடைய கலியாணமெல்லோ பிள்ளை?"

"சம்மதம். ஆனா உங்கடை வரைவில என்ரை திருத்தங்களும் வரவேணும். ஒருத்தர் ரெண்டு தவணைக்கு மேலை தலைவரா இருக்கக்கூடாது. செத்த ஆக்களைப் பேரில இருந்து எடுக்க வேணும். இன்னும் கொஞ்சம் இருக்கு, எழுதி அனுப்பிறன்."

மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டினார், மீண்டும் கழற்றினார். கடைசியில் அவருக்கு ஒரேயொரு சந்தேகம்தான் வந்தது.

"கூட்ட அறிக்கையில தாலி கட்டினதையும் பதிய வேணுமோ?"

விதிப்படி பத்திரிகையில் அறிவித்தல் போட்டோம். இராசநாயகம் சேரும் அதைப் பார்த்தார். நாளைப் பார்த்தார், இடத்தைப் பார்க்கவில்லை. "என்ரை மகளின்ரை கலியாணத்தண்டு கூட்டம் வைக்கிறாராம்! ஒரு குஞ்சு குருமானும் போகாது" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். ஆரணி தலை குனிந்தபடி நடந்தாள். கலியாணப் பெண்ணின் வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

5

தாலி கட்டியாயிற்று. அறுகரிசி போட்டு வாழ்த்தியாயிற்று. சனம் சாப்பாட்டு மண்டபத்தின் பக்கம் திரும்பிய நேரம், மணவறையில் இருந்த ஆரணி படப்பிடிப்பாளரின் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். சாப்பாடு ஆயத்தம். அதுக்கு முதல் கழக உறுப்பினர் எல்லாரும் கொஞ்சம் இருங்கோ. பேப்பரில அறிவிச்ச பொதுக்கூட்டம் இஞ்சைதான், இப்பதான். முடிஞ்ச உடனை இலை போடுவினம்."

மாப்பிள்ளைப் பொடியன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு நேரே பார்த்தான். அவனுக்கு முதலே சொல்லப்பட்டிருக்க வேண்டும். அல்லது தன் வாழ்க்கை எப்படிப் போகப்போகிறது என்பது அந்தக் கணத்தில் விளங்கியிருக்க வேண்டும்.

மாஸ்டர் பட்டுவேட்டியோடு எழுந்து தலைகளை எண்ணினார். இன்னொருமுறை எண்ணினார்.

"ஒராள் குறையுது."

எல்லோரும் திரும்பிப் பார்த்த திசையில், மண்டப வாசலில், ஒரு கால் வெளியேயும் ஒரு கால் உள்ளேயுமாக இராசநாயகம் சேர் நின்றார். முகம் சிவந்திருந்தது.

"என்ன கூத்து இது? நான் இந்தக் கூட்டத்துக்கு வரேல்லை! வரேல்லை எண்டு எழுதுங்கோ! இதை நான் வன்மையா ஆட்சேபிக்கிறன்!"

மாஸ்டர் பேனாவை எடுத்தார். "ஆட்சேபம் பதியப்பட்டது. ஆட்சேபிக்கிறதெண்டால் உறுப்பினர் சமூகமளிச்சிருக்க வேணும். ஆகவே கோரம் சரி."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. சேருக்குப் போகவும் முடியவில்லை. எங்கே போவது? பெண்ணின் தகப்பன். அவர் நின்ற இடத்திலேயே நிற்க, நான் வரைவை வாசிக்கத் தொடங்கினேன். சேலையில் வியர்த்தது. "குடாநாட்டுக் கிணற்று நீர் ஆய்வுக் கழகத்தின் திருத்திய யாப்பு..."

"நிப்பாட்டும்!" சேர் நடுமண்டபத்துக்கே வந்துவிட்டார். "கிணற்றுநீர் ஒரு சொல். சேர்த்து எழுத வேணும். இதை நான் திருத்தமா முன்மொழியிறன்."

பந்திக்காரர் வாளியோடு வந்து கதவடியில் நின்றார்கள். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வழிமொழியிறன்" என்றார்.

சேருக்கு வாய் திறந்தபடி நின்றது. பிறகு மெதுவாகச் சொன்னார். "இதை அண்டைக்கே செய்திருக்கலாமே, கனகலிங்கம்."

"அண்டைக்கு நீர் முன்மொழியேல்லை. எழும்பிப் போயிட்டீர். முன்மொழிஞ்சால்தானே ஐசே நான் வழிமொழியலாம்?"

சேர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியாது. சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். மாஸ்டருக்குப் பக்கத்துக் கதிரையை யாரோ காலியாக்கினார்கள். அதில் இருந்துகொண்டார்.

அதன் பிறகு விதிகள் ஓடின. இறந்தவர் நீக்கப்பட்டனர், அவர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நின்றோம். தலைவருக்கு இரண்டு தவணை. அப்படியானால் மாஸ்டர் இனி இல்லை. அதற்கு முதலில் கை தூக்கியவரும் மாஸ்டர்தான். புதிய நிருவாகசபையும் அங்கேயே தெரிவாயிற்று. மிச்சப் பிரிவுகளை ஆரணி வேகமாக வாசித்தாள். கத்தரிக்காய்க் குழம்பின் வாசம் வந்துகொண்டிருந்தது. "முழுவதையும் ஏற்கிறவை கை தூக்குங்கோ" என்றாள். மண்டபம் முழுக்கக் கைகள். அத்தனை கைகள் ஒன்றாக உயர்ந்ததைக் கண்ட மேளகாரர், ஏதோ சடங்கு என்று நினைத்துக் கெட்டிமேளம் கொட்டினார்.

எந்த நாட்டிலும் ஒரு யாப்பு இவ்வளவு மங்களமாக நிறைவேறியிருக்காது.

6

பந்தியில் எனக்கு எதிரே இருந்த ஒருவர், கொழும்பில் வசிக்கும் உறுப்பினர், அப்பளத்தை நொருக்கியபடி கேட்டார். "எங்கடை வாக்குரிமை எல்லாம் போச்சுதென்ன? பரவாயில்லை, நல்லதுக்குத்தான்."

"எந்த வாக்கு?"

கடைசிப் பக்கத்தில் இருந்ததாம். குடாநாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டுமே வாக்குரிமை. வெளியே இருப்பவர்கள் தொடர்பு உறுப்பினர்கள். கூட்டத்தில் கதைக்கலாம், கை தூக்க முடியாது. இரண்டு விமானம் மாறி வந்து, சேலை உடுத்து, என் வாக்குரிமையை நீக்குவதற்கு நானே கை தூக்கியிருந்தேன். அதற்கு மேளமும் அடித்தாயிற்று.

கூறை மாற்றிக்கொண்டு வந்த ஆரணியை மூலையில் பிடித்தேன்.

"என்ன பிள்ளை இது? எனக்கொரு சொல் சொல்லியிருக்கலாமே?"

"அனுப்பினனான் அன்ரி. நீங்கள் வாசிச்சுத்தானே கை தூக்கினீங்கள்?"

அவள் அனுப்பியதன் கடைசிப் பக்கத்தை நான் திறக்கவில்லை. சட்டை தைக்கிறவரிடம் போக வேண்டியிருந்தது.

"உங்களை விலத்தேல்லை அன்ரி" என்று கையைப் பிடித்தாள். மருதாணி சிவந்திருந்தது. "நீங்கள் அங்கை இருந்து வேண்டினமட்டும் கதையுங்கோ, நாங்கள் கேப்பம். ஆனா கோரம் இல்லாமல் போனதுக்குப் பாதிக் காரணம் வெளியில இருக்கிற நீங்கள்தானே? அந்தத் தண்ணியைக் குடிக்கிறது நாங்கள்."

அவள் சொன்னது சரி. அதுதான் அதிகம் சுட்டது. நோர்வேக் குடியுரிமை எடுத்தபோது ஒரு நாட்டின் வாக்கு என்னைவிட்டுப் போனது, அன்று நான் கண்கலங்கவில்லை. ஒரு கிணற்றுக் கழகத்தின் வாக்குப் போனதற்கு, கைகழுவும் இடத்தில் நின்று முகத்தைக் கழுவிக் கழுவி அழுதேன். ஆரணியின் தாய் வந்து, "மிளகாய் கூடிப்போட்டுதோ சியாமளா?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

அடுத்த கிழமை அறை திறந்தது. ஆரணிதான் செயலாளர். பருத்தித்துறைப் பெண்ணின் தண்ணீரை நானே நின்று சோதித்தேன். பிள்ளைக்கு ஆகாது, உரத்தின் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருந்தது. கோயிலடிக் கிணற்றில் எடுக்கச் சொன்னோம். பேர்கனில் இத்தனை வருடத்தில் இப்படியொரு முடிவை எழுத எனக்கு வாய்க்கவில்லை. அவளுக்குப் பெண்பிள்ளை பிறந்திருப்பதாகப் பிறகு அறிந்தேன்.

7

ஒரு வருடமாக நான் தொடர்பு உறுப்பினர். ஒன்று சொல்ல வேண்டும். வாக்கு இருந்த காலத்தில் நான் வாய் திறந்தால் யாராவது ஒருவர் எதிர்த்துக் கை தூக்குவார். இப்போது எல்லோரும் அமைதியாகக் கேட்கிறார்கள். சில சமயம் நான் சொன்னதைச் செய்துகூட விடுகிறார்கள். வாக்கில்லாதவரைத் தோற்கடிக்க ஒருவருக்கும் அவசியமில்லை.

இன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றமுதல் தொலைபேசி அடித்தது. மாஸ்டர். பின்னால் இராசநாயகம் சேரின் இருமல் கேட்டது. மாலைவேளைகளில் இருவரும் இப்போது சேர்ந்துதான் தேநீர் குடிக்கிறார்களாம்.

"பிள்ளை, சுகமே? உங்கை மழையே? ஒரு அலுவல். எனக்குத் தலைவராகேலாது. இவருக்கு வயது கூடிப்போச்சு எண்டு ஆரணி ஆய்விதழ்க் குழுவில இருந்து எடுத்துப்போட்டா. உமக்கு வாக்கில்லை. இப்பிடி வெளியில விடப்பட்ட ஆக்கள் கொஞ்சப்பேர் இருக்கிறம். புதுசா ஒரு கழகம் துவங்கினால் என்ன எண்டு யோசிக்கிறம்."

"என்னத்தை ஆராயிற கழகம் மாஸ்டர்?"

அந்தப் பக்கத்தில் சற்றுநேரம் கூடிக் கதைத்தார்கள். இராசநாயகம் சேரின் குரல் ஏதோ மறுத்தது, மாஸ்டரின் குரல் மறுப்பை மறுத்தது.

"அது பிறகு பாப்பம்" என்றார் மாஸ்டர். "முதல்ல யாப்பை எழுத வேணும். நீர்தான் எழுத வேணும்."

எனக்கு நேரமில்லை என்றேன். போன தடவை பட்டது போதும் என்றேன். மதுரா அறையிலிருந்து எட்டிப் பார்த்து, யார் என்று கண்ணால் கேட்டாள். "யாப்பு" என்று வாயசைத்தேன். "ஐயோ" என்றாள், சுத்தத் தமிழில்.

சாப்பிட்டு முடித்துக் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு, சும்மா பார்ப்போமே என்று கணினியைத் திறந்தேன். இரண்டு விதி எழுதிவிட்டேன். முதலாவது: வெளிநாட்டில் வசிக்கும் உறுப்பினருக்கு முழு வாக்குரிமை உண்டு. இரண்டாவது: முதலாம் விதியை எந்தக் கூட்டத்திலும் எவராலும் எக்காலத்திலும் திருத்த முடியாது.